ஐந்தாம் வெள்ளியின் கஞ்சி

தென் சூடானில் பஞ்சம் என்று 2017 சாம்பல் புதனன்று சாமியார் சொன்னார். வீட்டுக்கு ஒரு அட்டை உண்டியல் கொடுத்தார். அதன்மேல் ஒரு குழந்தையின் படம். அதை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். பிறகு பார்த்ததெல்லாம் மெர்லின் அக்காவின் உண்டியலைத்தான்.

மெர்லின் அக்கா என் ஓரகத்தி, முகையூர்க்காரி. திண்டிவனத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். தவக்கால வெள்ளிகளில் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தார் வாரம் ஒரு வீட்டில் கூடிச் சிலுவைப்பாதை சொல்வோம். முடிந்ததும் அந்த வீட்டில் கஞ்சி. அதைக் குடித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டை விட்ட காசை அந்த வீட்டு உண்டியலில் போட வேண்டும். எது அதிகம் கனக்கிறதோ, அந்த வீட்டுக்காரிதான் பெரிய வியாழன் காணிக்கைப் பவனியில் முன்னால் நடப்பாள். இரண்டு வருடமாக நடந்தது மெர்லின் அக்கா. பின்னால் நான், அவள் கொண்டையைப் பார்த்தபடி.

இரண்டாம் வெள்ளி அவள் முறை. கேப்பைக் கஞ்சி, உப்பு, ஆளுக்கு ஒரு வெங்காயம். உண்டியல் நிறைந்துவிட்டது. பக்தி என்றார்கள். எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது.

ஐந்தாம் வெள்ளி என் முறை. தேங்காய்ப்பால் விட்ட நொய்க்கஞ்சி, மல்லாட்டைத் துவையல், மாங்காய் ஊறுகாய், பொரித்த கருவாடு.

ராயப்பன் மாமா மூன்றாவது தம்ளரை நீட்டினார். "தவக்காலம் வருசம் பூரா இருந்தா தேவல எலிசா."

"ஏப்பம் வுட்டுக்கினே ஜெபம் சொல்லுங்க மாமா, சாமிக்கு நல்லா கேக்கும்" என்றாள் அன்பியத் தலைவி ஞானமேரி. வீடே சிரித்தது.

மெர்லின் அக்கா மட்டும் தம்ளரைத் தொடவில்லை. "நான் ஒருசந்திம்மா, ஒரு வேளதான். நீ ஊத்து, எல்லாம் ஆசையா குடிக்கறாங்க பாரு."

எல்லோரும் போனபின் உண்டியலைத் தூக்கினேன். வெறும் அட்டையாக இருந்தது. வயிறு நிறைந்தவர்களுக்கு ஒரு வேளையை விட்டதாகவே தோன்றவில்லை போலும்.

திங்கட்கிழமை காலை தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். என் வீட்டுக்குள் மெர்லின் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவளுடைய உண்டியல் கிழிந்து கிடந்தது. காசை எடுத்து என் உண்டியலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"உன்னுது லேசா கீதாம். நீ மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறியாம். ஞானமேரி சொல்லிச்சி."

"அதுக்கு?"

"எதுல போட்டா இன்னா எலிசா? போற எடம் ஒண்ணுதானே."

கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் முகத்தில் கேலி இல்லை. கடைசிக் காசு விழும்வரை குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றேன்.

பெரிய வியாழனன்று நான் முன்னால் நடந்தேன். புதுப் புடவை. சாமியார் உண்டியலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பி வரும்போது மெர்லின் அக்காவைத் தேடினேன். தூண் ஓரமாக, வெறுங்கையோடு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் நடந்ததை அவள் பார்க்கவே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது.