முப்பத்திரண்டாவது தந்தி

கல்யாணத்துக்கு முன்னால் வசந்தகுமாரி திருச்சியில் நாலு வருஷம் கல்லூரிப் பெண்களுக்கு ஆங்கிலம் நடத்தியவள். விக்டோரியா மகாராணி காலத்துத் தலையணை நாவல் ஒன்று வருஷா வருஷம் அவள் தலையில்தான் விழும். அதில் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய வீடு, வெள்ளித்தட்டு. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது மட்டும் வேலைக்காரிக்குத்தான் தெரியும். அடுத்த சந்தில் ஓட்டை வீடு; ஒரு ரொட்டியை ஏழு பேர் பிய்த்துக்கொள்வார்கள், யாருக்கு எங்கே வலிக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். "எது குடும்பம், எது வெறும் கட்டடம்னு கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும். அங்க யாரு யாரை விசாரிக்கிறாங்கன்னு பாருங்க" என்று கரும்பலகையைத் தட்டிச் சொல்வாள். பரீட்சைக்கு அது உதவியதோ என்னவோ, பின்னால் அவளுக்கு உதவியது.

வளைகுடாவில் ராஸ் அல் கைமாவுக்கு அவள் வந்து மூன்று வருஷம், இது எழுபத்தாறு. கணவன் சிவசங்கரன் கல்குவாரிக் கம்பெனியில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசர். நல்ல மனுஷன்தான்; மைக் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் கெட்டுப்போவான். "நாமெல்லாம் ஒரே குடும்பம், நான் உங்க அண்ணன்" என்று பொங்கலுக்குப் பொங்கல் முழங்குவான். தம்பிமார்களின் பாஸ்போர்ட்டெல்லாம் அண்ணனின் பீரோவில் பூட்டிக் கிடந்தன.

அதே பீரோவில் ஒரு ஃபைல் உண்டு. 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று ஊரிலிருந்து வரும் தந்திகளுக்கானது. லீவு வேண்டுமென்றால் வீட்டுக்கு எழுதி இப்படியொரு தந்தியை வரவழைப்பது தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் வழக்கம். வந்ததைச் சரியாகப் படிக்காமலே ஃபைலில் போடுவது சிவசங்கரனின் வழக்கம். "முப்பத்தோரு தாயார், எல்லாரும் சௌக்கியம்" என்று சிரிப்பான்.

முப்பத்திரண்டாவது தந்தி சோலையப்பனுக்கு வந்தது, ஒரு வியாழக்கிழமை. மறுநாள் விடுமுறை. காலையிலேயே அவனுடைய ரூம்காரன் நாகலிங்கம் சிவசங்கரனின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கேம்ப் ஆட்களுக்குக் கடிதம் எழுதித் தருவது வசந்தகுமாரிதான் என்பதால் அவனுக்கு அந்த வாசல் பழக்கம்.

"டீச்சரம்மா, ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. போன வருசம் அவனுக்கு வந்த தந்தி நாங்க சொல்லி வரவழச்சது. இது யாரும் கேக்காம வந்துருக்கு. நேத்துலேருந்து அவன் பச்சத்தண்ணி குடிக்கல."

"அவர் போய்ட்டா டூட்டி?"

"ரூம்ல மிச்சம் ஆறு பேரு இருக்கோம். வாரத்துல ஆளுக்கு ஒரு நாளு அவன் டூட்டியையும் சேத்துப் பாப்போம். மொறை போட்டாச்சு."

எட்டு மணி நேரம் பாறை உடைத்த பிறகு இன்னொரு எட்டு மணி நேரம். கடைக்குப் போய் வருவதைப் போலச் சொல்லிவிட்டான். வசந்தகுமாரிக்கு வெட்கமாக இருந்தது.

"மத்தியானம் அவரைக் கூட்டிட்டு வாங்க. மத்தது என் பொறுப்பு" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு சொல்லியும் சிவசங்கரன் மசியவில்லை. "ஒருத்தனை விட்டா நாளைக்கு நாப்பது தாயார் படுத்துக்குவாங்க, வசந்தி."

"சரி. அந்த ஃபைல்ல உங்க தந்தி எங்கேங்க?"

ரசம் சாதம் பிசைந்த கை நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன் அவன் அதே ஆபீசில் சாதாரண கிளார்க். பெண் பார்க்க வரச் சொல்லி அவன் அம்மாவே கொடுத்த தந்தி அது. 'சீரியஸாக' இருந்த மாமியார் முறுக்கும் கையுமாக வந்து வசந்தகுமாரியைப் பெண் பார்த்தாள். அன்றைய மேனேஜர் கலீலுர் ரஹ்மான், இப்போது துபாய் தேராவில் கடை வைத்திருப்பவர், தந்தியைப் பார்த்ததும், "உங்க உம்மா பேரு என்ன தம்பி? தொழுகையில சேர்த்துக்கறேன்" என்று கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். சிவசங்கரனே இதை நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"பொய்யா படுத்த தாயாருக்கு அவர் அஞ்சு வேளை தொழுதார். நிஜமா படுத்த தாயாரை நீங்க ஃபைல்ல போடுறீங்க. பொங்கலுக்கு இனிமே அண்ணன்னு பேசாதீங்க, எனக்குக் கூசுது" என்றாள்.

அவன் கை கழுவிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தான். பாதி வழியில் மனசு மாறும் ஆண்களை வசந்தகுமாரிக்குத் தெரியுமாதலால் கூடவே நடந்தாள். வாசலில் நின்ற சோலையப்பனும் நாகலிங்கமும் பின்னால் வந்தார்கள்.

ஆபீசில் லீவு பாரத்தை நிரப்பிக்கொண்டே வந்த சிவசங்கரன், காரணம் எழுத வேண்டிய இடத்தில் நிறுத்தினான். "சோலையப்பா, உங்க அம்மா பேரு என்ன?"

இந்த மண்ணில் யாரும் அவனிடம் கேட்டிராத கேள்வி. நாகலிங்கம் முதுகில் கை வைத்ததும்தான் பதில் வந்தது.

"பூவாயிங்க."

சிவசங்கரன் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டான். பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான். "மொதல்ல சாப்பிடு, அப்புறம் கிளம்பு" என்றான். இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள்.

அவன் பீரோவைப் பூட்டவில்லை. ஃபைலை எடுத்துப் பிரித்தான், மூடினான், மறுபடி பிரித்தான்.

"வசந்தி, எல்லாரும் சௌக்கியம்னு சொல்லிட்டே இருந்தேனே" என்றான். "நான் ஒருத்தரைக்கூட விசாரிச்சதில்லையே."

மிச்சமிருந்த முப்பத்தொன்றையும் இருவருமாக முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தார்கள்.