ஐந்து ஜோடிக்கு மேல் ஒருவன்

ஆடி மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஆம்பூர் ரயில் பாதையை ஒட்டிய அங்கன்வாடியில் நான்கு வயது ஒவைஸை எடை பார்த்தபோது முள் அசையவில்லை. போன மாதம் பதினான்கு கிலோ இருந்தான். டீச்சர் சங்கீதா பருப்பு மூட்டையை வைத்துப் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் காட்டியது. பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையை ஏற்றினார்.

காரணம் இரண்டு நாளில் புரிந்தது. அங்கே மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள். காலையில் அவர்களை எண்ணும் வேலை அந்த மாதம் நந்தினிக்கு. அவள் அம்மா பாக்யலட்சுமி வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோல் தைப்பவள். அந்த வீட்டில் இடதும் வலதும் சேர்ந்தால்தான் ஒன்று. ஜோடி சேராத ஒற்றையை யாரும் எண்ணுவதில்லை, அது மூலைக் கூடைக்குப் போய்விடும். நந்தினியும் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகத் தொட்டு ஐந்து வரை எண்ணினாள். வரிசையின் கடைசியில் நின்ற ஒவைஸ் மிஞ்சினான்.

அன்றிலிருந்து பன்னிரண்டு முட்டை போட்டால் பதினொன்றுதான் வெந்தது. ஈர மணலில் ஒவைஸின் கால்தடம் விழவில்லை. ஷூ கம்பெனிக்குப் போகும் அவன் அம்மா ஃபர்சானா, அவன் கால்சட்டைப் பையில் கூழாங்கற்களைப் போட்டுக் கொண்டுவந்து விட்டாள். “காத்து ஜாஸ்தியாயிட்டே போவுது டீச்சர். பறந்துட்டான்னா நான் எங்க போயி தேடறது?”

எண்ணின் பெயர் வேறு, அளவு வேறு. இரண்டும் பிள்ளைகளிடம் தனித்தனியாக வளர்ந்து ஒரு நாள் சந்திக்கும் என்று சங்கீதா பொறுமையாக விளக்கினார். ஃபர்சானா இன்னும் இரண்டு கல் போட்டாள். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்ப்பவரின் மகன் ஹேமந்தை எண்ண வைத்தார்கள். அவன் கூட்ஸ் வண்டி போல நூறு வரை நிற்காமல் ஓடினான். மூன்று பேரைத் தொடுவதற்குள் நாற்பது வந்துவிட்டது. யாருக்கும் எடை கூடவில்லை. மறுபடி நந்தினியையே எண்ணவிட்டு ஒவைஸை நடுவில் நிறுத்தியபோது, கடைசிக்குப் போன ஹேமந்த் மதியத்துக்குள் தரையை விட்டு எழும்பினான். ஒவைஸைத் திரும்பவும் கடைசியில் நிறுத்தினார் சங்கீதா. அன்று அவர் சாப்பிடவில்லை.

“ஒவ்வொருத்தரா எண்ணும்மா” என்றார் நந்தினியிடம்.

“ஒத்தைய எண்ணக் கூடாது டீச்சர், அம்மா திட்டும்.”

ஆடி பதினெட்டு அன்று காற்று கதவைத் திறந்துகொண்டு வந்தது. பையிலிருந்த கற்கள் கொட்ட, ஒவைஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொடியில் காயும் சட்டை போல ஆடினான். அவன் அப்பா பிரியாணிக் கடைக்காரர். ஒவைஸுக்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆனால் எந்த அண்டாவையும் பார்த்த மாத்திரத்தில் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவான். மேலிருந்து வரிசையைப் பார்த்தான்.

“கம்மி” என்றான்.

“இன்னா கம்மி?” என்றாள் நந்தினி.

“நீதான் கம்மி.”

அந்த வயதில் எண்ணுகிற பிள்ளை தன்னை எண்ணாது. நந்தினி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எக்கி அவன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே “ஆறு” என்றாள். ஒவைஸ் தொப்பென்று விழுந்தான்.

இருவரும் சேர்ந்து ஏறியபோது மெஷின் இருபத்தெட்டு கிலோ காட்டியது. தனித்தனியாக ஏறினால் இரண்டு பேருக்குமே முள் அசையவில்லை. சங்கீதா இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் எழுதினார்.

இப்போது ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நந்தினிக்கு ஜுரம் வந்தால் பாக்யலட்சுமி முதலில் ஃபர்சானாவுக்குப் போன் செய்கிறாள். ஃபர்சானா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டு ஜன்னல்களைச் சாத்துகிறாள்.