அவசரத்துக்குக் கேட்ட கடவுச்சொல்

வீட்டுமனை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஃபைல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே கணினியில் இருக்கும் ஆவணங்கள் அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை எப்போது அழிக்கலாம், யார் எதைத் திறக்கலாம் என்பதெல்லாம் அவள் கையெழுத்தில் நடந்தது. பரீட்சை எழுதி, பலருக்குப் பின்னால் காத்திருந்து அந்த நாற்காலியைப் பிடித்தாள். வேலையின் மேல் ஆசைப்பட்டு அல்ல. ஒரு மனிதனைக் கவிழ்க்க அந்தக் கட்டடத்தில் அதைவிடத் தோதான இடம் வேறில்லை.

அந்த மனிதன் அலுவலகத்தின் இயக்குநர். எந்நேரமும் சிரித்த முகம் என்பதால் சிரிப்பு சார் என்று பெயர். மனு கொடுக்க வந்தவர்களை விரட்டும்போதுகூட அந்தச் சிரிப்பு மாறாது.

அவளுடைய கணவரும் முன்பு அங்கேதான் வேலை பார்த்தார். தாளில் இருந்த விண்ணப்பங்களைக் கணினிக்கு மாற்றிய காலத்தில், அந்த வேலை முழுவதும் அவர் தலையில்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் கணினியைத் திறந்தால், ஆற்றோரக் குடியிருப்பு மக்களின் விண்ணப்பங்கள் ஒன்றுகூட இல்லை. தாள்களை ஏற்கெனவே எரித்துவிட்டிருந்தார்கள். யார் அழித்தது என்று பார்த்தால், அவருடைய பெயரிலேயே உள்ளே போய் அழித்ததாகப் பதிவாகியிருந்தது.

விசாரணையில் அவர் உள்ளதைச் சொன்னார். "நீ திடீர்னு லீவு போட்டா நான் என்னய்யா பண்றது? அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லி சிரிப்பு சார்தான் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினார் என்றார்.

"நான் எதுக்கு இவர்கிட்ட பாஸ்வேர்டு கேக்கப் போறேன்? எனக்குத்தான் சொந்தமா ஒண்ணு இருக்கே" என்று சிரிப்பு சார் சொன்னார். அறையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கணவரின் வேலை போனது. ஆற்றோரத்து மனைகள் வேறு பெயர்களுக்குப் போயின. அந்தப் பெயர்களில் பாதி சிரிப்பு சாரின் சொந்தக்காரர்கள் என்று பேச்சு அடிபட்டது; பேச்சோடு நின்றது. அலுவலகத்தில் அவள் கணவருக்கு ரப்பர் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு நாள் மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது ஒரு பக்கக் கன்னம் சிவந்து, காது வீங்கியிருந்தது. "பஸ்ல கம்பி இடிச்சிருச்சு" என்றார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் தெருமுக்குக் கடைக்காரர்தான் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் ஆற்றோரத்துப் பெண் ஒருத்தி, "என் வீட்ட அழிச்சவன் நீதானடா" என்று கேட்டு எல்லோர் முன்னாலும் அறைந்திருக்கிறாள். இவர் வாயைத் திறக்கவில்லையாம். இரண்டாவது அறைக்கும் முகத்தை நகர்த்தவில்லையாம்.

அந்தப் பெண்ணின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த அறை போய்ச் சேர வேண்டிய கன்னம் வேறு என்று மட்டும் நினைத்தாள். அன்றிலிருந்து அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

அவள் அப்போது தபால் பிரிவில் இருந்தாள். வேலையை விட்டுவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சிரிப்பு சாரோ அவளை வேலையிலேயே வைத்துக்கொண்டார். "புருஷன் பண்ணின தப்புக்கு இந்தப் பொண்ணு என்ன பண்ணும்? எனக்கும் மனசாட்சி இருக்கில்ல?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். வயிறு எரிந்தது. அந்த நெருப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

சிரிப்பு சார் ஓய்வு பெறப்போகிற சமயத்தில், கிடங்கைக் காலி செய்தபோது பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. விண்ணப்பங்கள் காணாமல் போன காலத்துச் சர்வரின் நகல். உடனே அவள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அண்ணனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இருவருமாக அதை முழுவதும் பார்த்தார்கள்.

ஒன்றுமில்லை. ஆண்டு விழாப் படங்கள், விடுப்பு விவரம், பிரிண்டர் ஓடவில்லை என்று யாரோ அனுப்பிய புகார். அவ்வளவுதான்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவி நிமிர்ந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. இதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே!

சிஸ்டம் அண்ணனிடம் வந்தாள். "உள்ள என்ன இருந்துச்சுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணே."

"ஒண்ணுமே இல்லாததை நான் எப்படிம்மா சொல்லிக் குடுக்கிறது?" என்றார் அவர்.

சாலைக்கு எதிர்ப்புறம் தணிக்கை அலுவலகம். அங்கிருந்த தணிக்கை அதிகாரி புதிதாக வந்த பெண்மணி. சிரிக்கவே மாட்டார் என்று பெயர் எடுத்தவர். அவள் அவரிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொய் சொல்லி ஒருத்தரை மாட்டிவிடறதுக்கு நான் துணைக்கு வரமாட்டேன்."

"ஒரு வார்த்தை பொய் சொல்லமாட்டேன் மேடம். டிஸ்க் கிடைச்சிருக்குன்னு மட்டும் அறிவிக்கிறேன். அவர் நல்லவரா இருந்தா, படிச்சிட்டுப் பேசாம இருக்கட்டும்."

அதிகாரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி. என்ன நடந்தாலும் நடந்த உடனே எனக்கு எழுதிக் குடுங்க."

அன்றே அலுவலகம் முழுவதற்கும் அறிவிப்பு போனது. பழைய சர்வரின் நகல் கிடைத்துள்ளது. அது ஆவணக் கோப்பகத்தில் ஒரே தொகுப்பாகப் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. தணிக்கைக் குழு வந்து திறக்கும்வரை யாரும் அதை மாற்றவோ அழிக்கவோ கூடாது. எல்லாம் உண்மை. அந்தத் தொகுப்பை அழிக்கும் உரிமை அவள் பெயருக்கு மட்டுமே இருந்தது.

மறுநாள் சிரிப்பு சார் அவள் மேசைக்கே வந்தார். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை.

"என்னம்மா, பழைய குப்பையெல்லாம் கிளறிட்டு இருக்கியாமே?"

"குப்பையா இல்லையான்னு திறந்து பாத்தாதானே சார் தெரியும்."

"அதைத் தூக்கிப் போட்டுட்டு உருப்படியா வேற வேலையைப் பாரு."

"போட்டுடலாம் சார். எழுத்துல ஒரு உத்தரவு குடுங்க."

அவர் சிரித்தார். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "நான் போற நேரத்துல எதுக்கும்மா இந்தச் சங்கடமெல்லாம்? சரி, அது போகட்டும். உன் பாஸ்வேர்டைக் கொஞ்சம் குடுத்து வை. நாளைக்கு நீ பாட்டுக்கு லீவு போட்டுட்டா? அவசரத்துக்குத்தான்."

அதே வார்த்தை! இத்தனை வருஷமாகியும் ஒரு புதுப் பொய்யைத் தேடக்கூட அந்த மனிதன் மெனக்கெடவில்லை. அவள் ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள். விரல்கள் நடுங்கின. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்து, சிரிப்பு சார் அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் கதவைத் தாண்டுவதற்குள் அவள் தணிக்கை அதிகாரிக்கு எழுதத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த நாள் அவள் விடுப்பு எடுத்தாள். வீட்டில் இருக்கவில்லை, தணிக்கை அதிகாரியின் அறையில் இருந்தாள். சிஸ்டம் அண்ணனும் கூட இருந்தார். கோப்பகத்துக்குள் யார் போகிறார்கள், எந்த அறைக் கணினியிலிருந்து போகிறார்கள் என்பது எதிரே இருந்த திரையில் தெரிந்துகொண்டிருந்தது. காலை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. வரமாட்டானோ என்று பயந்தாள். நல்லவனாகிவிடாதே, தயவுசெய்து இன்று ஒருநாள் நல்லவனாகிவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்தது. அவளுடைய பெயர். இயக்குநர் அறைக் கணினி.

தணிக்கை அதிகாரி திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நீங்க இங்கதானே உக்காந்திருக்கீங்க?"

"இங்கதான் மேடம்."

அடுத்த வரியில் தொகுப்பு அழிக்கப்பட்டது. திறந்துகூடப் பார்க்கவில்லை. அதைத் திறக்க சிஸ்டம் அண்ணனைக் கூப்பிட வேண்டியிருக்கும்; இன்னொருவர் கண்ணில் பட அவருக்குத் தைரியம் வரவில்லை.

"எந்திரிங்க, போகலாம்" என்றார் அதிகாரி.

சாலையைக் கடக்கும்போது அவளுக்கு ஓடத் தோன்றியது. அடக்கிக்கொண்டு நடந்தாள். இயக்குநர் அறைக் கதவை அதிகாரி தட்டாமலே திறந்தார். சிரிப்பு சார் கணினிக்கு முன்னால் இருந்தார். திரையின் மூலையில் அவள் பெயர் இன்னும் இருந்தது.

"வாங்க, வாங்க மேடம். சொல்லாம கொள்ளாம..."

"அந்த மவுஸை விட்டுட்டுக் கொஞ்சம் எந்திரிங்க சார்" என்றார் அதிகாரி. "இவங்க பேர்ல நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"அது... அந்தப் பொண்ணுதான் குடுத்துச்சு. அழிக்கச் சொல்லி அதுதான் என்கிட்ட கேட்டுச்சு."

"நீங்க கேட்டு வாங்கினதை நேத்தே இவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. என் ஆபீஸ் முத்திரையோட இருக்கு."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்களில் மட்டும் இல்லை. உதடுகள் பழக்கத்தில் விரிந்து நிற்க, அதற்கு மேலே இருந்ததெல்லாம் வெளிறிக்கொண்டே போனது. அவளைப் பார்த்து, "உன்னை வேலையில வெச்சதே நான்தானம்மா" என்றார்.

"அதை மறக்கவே இல்ல சார்."

"அதுல... அதுல என்னதான் இருந்துச்சு?"

இந்தக் கேள்வி வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தபோது தேன் மாதிரி இருந்தது. மேசைக்குக் கிட்டே போய், அவருக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள். "ஆண்டு விழா போட்டோ சார். வேற ஒண்ணுமில்ல. நீங்க நடுவுல உக்காந்து நல்லா சிரிச்சிட்டு இருக்கீங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். அவள் நகரவில்லை. சிஸ்டம் அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஓய்வு பெற இருந்தவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பிரிவு உபசார விழாவுக்குப் பிடித்த மண்டபத்தை ரத்து செய்தார்கள். கடவுச்சொல் விவகாரம் இப்படி வெளிப்பட்டதும் பழைய விசாரணையைத் திரும்பத் திறந்தார்கள். ஆற்றோர மனைகள் யார் யார் பெயருக்குப் போயின என்று கேட்க ஆரம்பித்ததும், சொந்தக்காரர்களில் ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

சிரிப்பு சார் பிடிபட்ட அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். "மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று அவர் கேட்டார். சொன்னாள். "தண்ணி கேட்டானா?" கேட்டான் என்றாள். "நீ குடுத்தியா?" இல்லை என்றாள். அவர் தலையாட்டினார். "முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும்போது கொஞ்சம் கூட்டியே சொன்னாள்.

சில மாதங்களில் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்து உத்தரவு வந்தது. நன்றாகச் சவரம் செய்துகொண்டு போனார். பழைய நாற்காலியில் மாலைவரை உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று அவள் கேட்டாள். "அன்னைக்கு அவனுங்க போகச் சொன்னாங்க, போனேன். இன்னைக்கு நானாப் போறேன். ரெண்டும் ஒண்ணாயிடுமா?" என்றார். அதன் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

சிரிப்பு சாரின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வழக்கு நடக்கிறது, ஜாமீனில் இருக்கிறார். காலையில் அவர் காய்கறிக் கடைக்கு வருகிற நேரம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தானும் அந்த நேரத்துக்கே பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவர் தக்காளி பொறுக்கும்போது பக்கத்தில் போய் நின்று, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று சிரித்த முகத்தோடு கேட்கிறாள். அவர் எடுத்த தக்காளிகளைத் திரும்பக் கொட்டிவிட்டு நடந்துவிடுகிறார்.

விஷயம் தெரிந்து கணவர் ஒரு நாள் சலித்துக்கொண்டார். "விட்டுத் தொலையேன். அதான் எல்லாம் முடிஞ்சுதே, போதாதா?"

"உங்களுக்குப் போதும்" என்று சொல்லிக்கொண்டே அவள் செருப்பை மாட்டினாள். "எனக்கு இன்னும் ஆகல."