மாமனார் வழுக்கையும் மருமகன் கடனும்

நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். பொன்னுரங்கம் தன் மனைவி அம்சவள்ளிக்குத் தர வேண்டிய பணம் அது. அவளுடைய கம்மலை மணலூர்பேட்டை அடகுக்கடையில் வைத்து, வெள்ளிமலைக்கு ஜீப்பில் வந்து போகிற ஒரு வியாபாரியிடம் ஐந்து பாட்டில் எண்ணெய் வாங்கினான். மலை மூலிகையில் காய்ச்சியது, தொண்ணூறு நாளில் முடி வளரும் என்றான் அந்த ஆள். தொண்ணூறு நாளும் போயிற்று. முன்நெற்றியில் இருந்த கொஞ்சமும் போயிற்று.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கூட்டத்தில் கரும்பு வெட்டு. அன்று மத்தியானம் கூழ் குடிக்க உட்கார்ந்தபோது அவன் பேச்சை எடுத்தான்.

"அம்சா, தாலியில கீற குண்டு ரெண்டையும் கழட்டிக் குடு. இன்னொரு பாட்டில் தடவுனா வேர் புடிச்சிக்குமாம்."

"மொதல்ல என் கம்மலைத் திருப்பிக் குடு மாமா."

"நான் ஏன் திருப்பணும்? தாய்மாமன் வழுக்கைதான் மருமவனுக்கு வரும்னு ஊரே சொல்லுது. என் தாய்மாமன் யாரு? உங்கப்பன். அவர் தலை எனக்கு வந்துச்சுன்னா, அவர் போட்ட நகைதான் போவணும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்சவள்ளி மட்டும் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அப்பன் அய்யனாரின் தலை, தேய்த்துக் கவிழ்த்த பித்தளைச் சொம்பு மாதிரி மின்னும். அதை அவள் எப்படி மறுப்பாள்?

"அதெல்லாம் இல்லப்பா, போர்வெல் தண்ணி. உப்பு ஜாஸ்தி," என்றான் கூட வெட்டுகிற பிச்சைமுத்து. "கரும்புக் கட்டு தூக்கித் தூக்கி சும்மாடு வேற தேய்ச்சிடுச்சி."

குஞ்சம்மாள் கொண்டையை அவிழ்த்து உதறினாள். ஐம்பது வயதிலும் முடி இடுப்பைத் தொட்டது. "நானும் அதே தண்ணியிலதான்டா குளிக்கிறேன். இருவது வருஷமா இதே தலையிலதான் கட்டு தூக்கறேன். எனக்கு ஏன் தேயல?"

பொன்னுரங்கத்தின் முகம் கறுத்தது. "நாளைக்குள்ள குண்டு வரணும் அம்சா. இல்லன்னா உங்கப்பன் வூட்டுக்கே போயிடு."

சாயங்காலம் அவள் மாமியாரிடம் போய் நின்றாள். மாமியார் ரங்கம்மாள் அய்யனாரின் கூடப் பிறந்த அக்காதான். "அத்தை, உன் தம்பி மேலதான பழி வுழுது. ஒரு வார்த்தை சொல்லேன்."

ரங்கம்மாள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாயை மூடிக்கினு வேலையைப் பாருடி."

விடிந்தபோது பொன்னுரங்கத்தால் எழுந்திருக்க முடியவில்லை. தலை வீங்கிச் சீழ் வைத்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. துணிமணியைக் கட்டி வைத்திருந்த அம்சவள்ளி, அந்தப் பையை ஓரமாய் வைத்துவிட்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அவர்கள் கொண்டுபோன எண்ணெய்ப் பாட்டிலை டாக்டரம்மா முகர்ந்து பார்த்தார். "இது தோலையே வேக வெச்சிருக்கு. இனிமே தொடாதீங்க."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. தண்ணிங்கிறாங்க, தலைச்சுமைங்கிறாங்க. இந்த வழுக்கை தாய்மாமன் கிட்டேருந்து வந்ததுதானே?" என்று கேட்டான் பொன்னுரங்கம்.

அம்சவள்ளி புடவை முந்தானையைக் கசக்கிப் பிடித்தாள். அவள் எந்த வீட்டில் இருப்பது என்பது இந்தப் பதிலில்தான் இருந்தது.

"தண்ணியும் இல்ல, சுமையும் இல்ல. ஆம்பளைங்க உடம்புல சுரக்கிற ஹார்மோன், சில பேருக்கு முடி வேரைக் கொஞ்சம் கொஞ்சமா சுருக்கிடும். அந்த வாகு பொறப்புலயே வர்றது. பொம்பளைங்களுக்கு அந்த ஹார்மோன் கம்மி. ஆனா தாய்மாமன் மட்டும்னு யாரு சொன்னது? அம்மா வழியிலயும் வரும், அப்பா வழியிலயும் வரும். உங்க அப்பாவுக்கு முடி எப்படி?"

"செத்துப்போன எங்கப்பாவுக்கு வழுக்கையே இல்லீங்க. வேண்டுதல்னு அடிக்கடி மொட்டை போடுவாரு. மத்த நாள்ல முண்டாசு. அவ்ளோதான்."

பின்னாலிருந்து ரங்கம்மாளின் அழுகைச் சத்தம் கேட்டது.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்லடா. உங்கப்பாவுக்குக் கல்யாணத்தப்பவே பாதித் தலை காலி. ஊர் சிரிக்கும்னு மொட்டையும் முண்டாசுமா மறைச்சிக்கினாரு. வெளியில சொல்லக் கூடாதுன்னு என் கையில சத்தியம் வாங்குனாரு. செத்தவருக்குச் செஞ்ச சத்தியத்தைக் காப்பாத்தறேன்னு, உசுரோட கீற என் தம்பி மவளைப் பழி சுமக்க வுட்டுட்டேன்."

பொன்னுரங்கம் தலையில் சுற்றிய மருந்துக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது மனைவியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

தலைப்புண் ஆறியது. வெட்டு முடிந்து கூலி கைக்கு வந்த அன்று அவன் நேராக அடகுக்கடைக்குப் போனான். காகிதத்தில் மடித்த கம்மலை அவள் கையில் வைத்தான்.

"வட்டியும் கட்டிட்டேன். நாலாயிரத்து அறுநூத்தம்பதும் தீந்துச்சா?"

அம்சவள்ளி நிதானமாகக் கம்மலை மாட்டிக்கொண்டாள். "பணம் தீந்துச்சு மாமா. முடி கொட்டுனது உன் குத்தமும் இல்ல, எங்கப்பன் குத்தமும் இல்ல. அது உடம்போட வாகு. டாக்டரைக் கேக்காம பாட்டில்காரனைக் கேட்டியே, உடம்புல வந்ததுக்கு ஒருத்தர் மேல பழி போட்டியே, அதுதான் குத்தம். அந்தக் கடன் எங்கப்பனுக்கு இன்னும் பாக்கி கீது."

பொன்னுரங்கம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"வா. அதையும் இன்னிக்கே தீத்துட்டு வந்துடலாம்."

வெறுந்தலையோடு, ஊர் பார்க்க, மாமனார் வீட்டுக்கு அவன் முன்னால் நடந்தான்.