ஒண்ணாயிட்டோம்லா

ஹால் கிடைத்துவிட்டது, சமையல்காரர் கிடைத்துவிட்டார், கூறைப்புடவைகூட ஒரே நாளில் அமைந்துவிட்டது. ஹேஷ்டேக் ஒன்றுதான் குமுதாவுக்கும் ரிஷிக்கும் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்துக் கல்யாணத்தில் அது இல்லாமல் முடியுமா? வருகிறவர்கள் எடுத்துப் போடுகிற படமெல்லாம் அந்த ஒரு வார்த்தையின் கீழ்தானே வந்து சேர வேண்டும். ரிஷியின் தங்கைகள் இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டி ஏகப்பட்டது அனுப்பினார்கள். எல்லாமே இருமல் மருந்தின் பெயர் போலிருந்தன.

கடைசியில் ரிஷியே தெரியாத்தனமாக ஒன்றைச் சொல்லிவைத்தான். நிச்சயம் முடிந்த சந்தோஷத்தில் அவன் நண்பர்களுக்கு அனுப்பிய ஒரே வார்த்தை அது: ‘ஒண்ணாயிட்டோம்லா.’ அதில் பெண் பெயரும் இல்லை, மாப்பிள்ளை பெயரும் இல்லை. படித்ததுமே குமுதாவுக்குப் பிடித்துவிட்டது.

அன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸை விட்டு வந்து அவள் கிள்ளான் ரயிலில் உட்கார்ந்ததும் ரிஷி கூப்பிட்டான்.

“ஹேஷ்டேக் போர்டு அடிக்கிறவன் உயிர எடுக்குறான்லா. இன்னிக்குள்ள சொல்லணுமாம். அதையே போட்டுரட்டுமா?”

“வேற யாரும் அத வெச்சிருக்காங்களான்னு பாத்துட்டுச் சொல்றேன். கொஞ்சம் இரு.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரயில் ஆடி ஆடிப் போக, கண்ணாடியில் நீர் வழிய, வீடுகளும் செம்பனை மரங்களும் ஒன்றோடொன்று கரைந்து ஓடின. அவளுக்குக் கண்ணைச் சொக்கியது. ஆனால் மனசு தூங்கவில்லை. கொஞ்ச நாளாகவே அது ஒரே இடத்தில்தான் வந்து வந்து நின்றது: மேடையில் வைக்க அப்பா படம்.

அப்பா ரெங்கசாமி துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். கொரோனா வருஷத்தில் போய்விட்டார். பண்டமாரானில் அவர்கள் வீட்டில் நடந்த எல்லா விசேஷத்துக்கும் படம் எடுத்தது அவர்தான். அதனாலேயே எந்தப் படத்திலும் அவர் இல்லை. மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்று. அதைப் பெரிதாக்கி அம்மா மாட்டியிருந்தாள். ரோட்டில் போலீஸ் நிறுத்தியவர் போல அதில் விறைத்துக்கொண்டு நிற்பார். சிரித்தே பழகிய மனுஷனை அந்த முகத்தோடா மேடையில் வைப்பது?

முகமாவது பரவாயில்லை. அப்பாவின் குரல் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. ‘குமுதாம்மா’ என்று அவர் கூப்பிடுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். வார்த்தை வரும், குரல் வராது. தாலி கட்டும் நேரத்தில் அது சுத்தமாக மறந்து போயிருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அரைத்தூக்கத்தில் அந்த வார்த்தையைத் தட்டித் தேடினாள். நினைத்தபடியே ஆயிற்று. வேறொரு ஜோடி அதை எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தது. பெண் பெயர் உஷாராணி. கல்யாணம் நடந்தது இதே கிள்ளானில்.

எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மழைக்குள் போகிற ரயிலில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தைப் பார்ப்பது ஒரு சுகமாக இருந்தது. மருதாணிக் கைகள், மல்லிகைச் சரம், ஓடுகிற குழந்தைகள், மணமேடைக்கு மேலே தொங்கவிட்ட சின்னச் சின்ன விளக்குகள். விரல் தள்ளத் தள்ள எல்லாம் மிதந்து போயின. ஒரு கட்டத்தில் அது யாருடைய கல்யாணம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. தானும் அந்தக் கூட்டத்தில் எங்கோ நிற்பது போலவும், யாரோ தன்னைத் தேடிக்கொண்டு வருவது போலவும் இருந்தது.

ஒரு படத்தில் விரல் நின்றது.

வட்ட மேசை. அதில் பூவேலை போட்ட பழுப்பு பாத்தேக் சட்டையில் ஒருவர் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்பாவேதான். படத்துக்குக் கீழே உஷாராணி எழுதியிருந்தாள்: ‘ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் கேக்குறோம். இந்த அங்கிள் யாருன்னு யாருக்காச்சும் தெரியுமா?’ பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வழிச் சொந்தம் என்று நினைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வழிச் சொந்தம் என்று நினைத்திருந்தார்கள்.

குமுதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தக் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவோடு லோரி ஓட்டிய சின்னையா, மகள் கல்யாண டின்னருக்குக் கூப்பிட்டிருந்தார். அந்த ஹாலில் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் ஒரே நேரத்தில் இரண்டு டின்னர். அப்பா மாடி மாறிப் போய் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, மொய்க் கவரையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கூப்பிட்டும் வரவில்லையே என்று மறுநாள் சின்னையா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“வந்தேன்யா! பாயாசம்கூட ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சேன்!”

“எங்க டின்னர்ல பாயாசமே போடலயே ரெங்கசாமி!”

அதற்குப் பிறகும் அப்பா தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. யார் வீடாயிருந்தால் என்ன, பாயாசம் நன்றாயிருந்தது என்றுதான் கடைசிவரை சொன்னார்.

அவள் படத்துக்குக் கீழே இரண்டே வார்த்தை எழுதினாள்: ‘எங்க அப்பா.’

எழுதிக் கொஞ்ச நேரத்தில் உஷாராணியிடமிருந்து செய்தி வந்தது. ‘அக்கா, நெசமாவா? அங்கிள் எப்படி இருக்காரு?’

குமுதா அப்பா தவறிப் போனதையும், மாடி மாறிய கதையையும், தன் கல்யாணத்தையும், இதே ஹேஷ்டேக்கைத் தேடித்தான் இங்கே வந்ததையும் மளமளவென்று எழுதி அனுப்பினாள். பதிலுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் கிள்ளானில் நின்றதும் கிளம்பியதும், தான் இறங்க வேண்டிய நிலையம் தாண்டியதும் அவளுக்குத் தெரியவேயில்லை. கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவளும் இறங்கி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. கடல் பக்கமிருந்து உப்புக் காற்று வந்தது.

‘மன்னிச்சிருங்கக்கா. அழுதுட்டேன். அங்கிள் எங்க கல்யாண வீடியோல பேசியிருக்காரு. அத வெட்டி அனுப்பியிருக்கேன்.’

போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். முதலில் படம் வேண்டாம், குரல் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கரண்டிச் சத்தம், பாட்டுச் சத்தம். மேசை மேசையாக மைக் நீட்டிக்கொண்டு வருகிற வீடியோக்காரரின் குரல்: “அங்கிள், பொண்ணு மாப்பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு செருமல். அந்தச் செருமலிலேயே அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

“பொண்ணு பேரு சட்டுனு ஞாபகம் வரலம்மா, கோவிச்சுக்காத. நல்லா இருங்க ரெண்டு பேரும். சண்ட போடணும்னா சாப்பிட்டுட்டு சண்ட போடுங்க. பசியில போட்டா முடியவே முடியாதுலா. எனக்கும் வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா, குமுதாம்மா. அவ கல்யாணத்துக்கு நீங்க ஜோடியா வரணும். இப்பவே கூப்பிட்டுட்டேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது.”

மேசையே சிரித்தது. எல்லாருக்கும் மேலே அப்பாவின் சிரிப்பு கேட்டது.

அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ‘குமுதாம்மா’ என்ற இடம் வரும்போதெல்லாம் “என்னப்பா” என்று வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் நின்ற மலாய்க்கார அம்மா ஒரு டிஷ்யூ பாக்கெட்டை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். விளக்குகள் ஈரத்தில் நீண்டு நீண்டு கிடந்தன. மறந்துவிடுமே என்று இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பயம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

ரிஷி மறுபடி கூப்பிட்டான். “என்னலா ஆச்சு? பாத்தியா? யாராச்சும் வெச்சிருக்காங்களா?”

“வெச்சிருக்காங்க.”

“அடடா. அப்ப வேற பேரு யோசிக்கணுமா?”

“வேணாம். அதையே போடச் சொல்லு. நம்ம படமும் அதுக்குள்ளதான் போய்ச் சேரணும்.”

“அது வேற யாரோ கல்யாணம்லா, குமுதா. கூட்டத்துல கலந்துரும்.”

“கலக்கட்டும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இன்னொண்ணு. சமையல்காரர்கிட்ட ரெண்டு சாப்பாடு கூடச் சொல்லிரு. பாயாசமும் போடச் சொல்லு.”

“யாருக்கு ரெண்டு? லிஸ்டுதான் எப்பவோ முடிஞ்சு போச்சே.”

“நாம கூப்பிடல,” என்றாள் குமுதா. “எங்கப்பா கூப்பிட்டுட்டாரு.”