சத்தமில்லாத ஜாபரோஜெட்ஸ்

…கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நிற்கிறது அவனுடைய பழைய வோல்கா கார், ஆனால் அதன் மூக்கு நுனியில் பாய்கிற மான் இன்றைக்கும் தெரியவில்லை, பழைய சட்டையைக் கிழித்து அவனே துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த மான், இப்போது பால் கலந்த தண்ணீருக்குள் என்னவோ மிதக்கிற மாதிரி… வெயிலா, தூசியா, தன்னிடமே எதற்குப் பொய், போன குளிர்காலத்திலேயே வலது கண் போய்விட்டது, இடது கண்ணும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது என்று சாவெலிக்குத் தெரியும். மகள் ஜோயாவுக்குச் சந்தேகம்தான். உறுதியானால் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள், "பார்வை சரியில்லன்னா அந்தத் தகர டப்பா எதுக்குப்பா? வித்துடுறேன்" என்று முன்பே சொல்லிவிட்டாள்… தகர டப்பாவாம், அதுவும் போய்விட்டால் அவன் யார், பென்ஷன் வாங்குகிற இன்னொரு கிழவன், மாடி ஜன்னல், ஒரு தேநீர்க் கோப்பை, அவ்வளவுதானே.

பக்கத்தில் ஒராஸ்பெக் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்புகிற சத்தம். ஞாயிறு தவறாமல் கராகண்டா சாலையில் இந்தப் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பழைய வண்டி பார்ப்பது, முதலில் பேர் சொல்பவனுக்கு மற்றவன் ஒரு பிடி விதை, உருக்காலையில் ஒன்றாக வேர்த்த காலத்து விளையாட்டு… இந்த வருஷம் முழுக்க ஜெயிப்பது ஒராஸ்பெக்தான், ஜெயிக்கட்டும், தானும் கண்ட மாதிரி எதையாவது ஒட்டிச் சொன்னால் போதும், வசந்தத்தில் வெள்ளை போபெதா என்றான் அவன், ஆமாம், கதவு மட்டும் வேறு கலர் என்றான் சாவெலி, என்ன துணிச்சல்…

"டேய் சாவெலி, அங்க பாரு! ஜாபரோஜெட்ஸ்! அந்தக் கூனன் காரு! ஆரஞ்சுக் கலரு!"

"பாத்தேன், பாத்தேன். ஒரு கிழவி ஓட்டிட்டுப் போறா."

"கிழவியா? ஹும்… கிழவிதான், கிழவிதான். விதைய எடு மொதல்ல."

அள்ளிக் கொடுத்த பிறகுதான் உறைத்தது… ஜாபரோஜெட்ஸ், முதுகில் என்ஜினைச் சுமந்துகொண்டு ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்துக்கொண்டு போகிற சனியன், செத்தவனையும் எழுப்பிவிடும், ஆனால் காதில் விழுந்தது புல்வெளிக் காற்று மட்டும்தானே, அதுவும் சாலைப் பக்கமிருந்து நேரே முகத்தில் அடிக்கிற காற்று. அப்படியானால் அந்த போபெதா? கோடையில் சொன்ன பச்சை மாஸ்க்விச்? எதுவுமே வரவில்லையா, இந்தச் சாலையில் இனி வரப்போவதும் இல்லையா, இல்லாத வண்டியை ஒராஸ்பெக் காட்ட, இல்லாத கண்ணால் சாவெலி பார்க்க… யாருக்காகச் சொல்கிறான், சாவெலிக்காகவா, தனக்காகவேயா? கேட்கலாம். கேட்டால் கண்ணைச் சொல்லியாக வேண்டும், கண்ணைச் சொன்னால் சாவி போகும்.

கேட்காமலே பெஞ்சிலிருந்து எழுந்து, வோல்காவில் ஏறி, வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினான். ஒராஸ்பெக் எப்போதும் போல வாய் ஓயவில்லை, "இடது பக்கம் பள்ளம்டா, ஒடி… மாடு குறுக்க வருது, மெதுவா, மெதுவா…" இத்தனை நாளும் இதை வெறும் வாயாடித்தனம் என்றல்லவா நினைத்திருந்தான், தெரியுமா இவனுக்கு, தெரிந்தேவா பக்கத்தில் ஏறி உட்காருகிறான், இந்த மாடாவது நிஜமா…

"சாவெலி, எதுக்க லாரி. ஓரங்கட்டு."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். வோல்காவின் கிழட்டு இரைச்சலுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எதிரே சாம்பல் நிறம், சாலையா வானமா, ஓரம் எங்கே முடிகிறது, அதற்கப்பால் பள்ளமா…

"டேய், லாரிடா!"

லாரியா, இதுவும் ஒரு ஜாபரோஜெட்ஸா… கால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்க, வாய் மட்டும் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "பாத்தேன், பாத்தேன்."