கதவுக்குப் பின்னால் ஃபிட்டர்

அணுகுண்டு வெடித்தால் எழும் காற்றின் அடியைக் கட்டடக் கதவுகள் தாங்குமா என்று சோதிக்கும் கூடம் அது. நீண்ட இரும்புக் குழாய். ஒரு முனையில் வெடிமருந்து, மறு முனையில் கதவு. கதவுக்குப் பின்னால் சின்னக் கான்கிரீட் அறை. உள்ளே போகிறவர்கள் பலகையிலிருந்து தங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

அன்று மாட்டியிருந்தது ஒரு மருத்துவமனை நிலவறையின் எஃகுக் கதவு. செய்தவர் ஃபிட்டர். அளவுக்கருவிகளைப் பார்த்துக்கொண்டவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர்; அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சங்கு ஊதியது. மேலாளர் பத்திலிருந்து எண்ணினார். ஏழு என்றபோது சல்லடை எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க சார்!"

"இப்ப என்னம்மா? எல்லா டோக்கனும் பலகையிலதானே தொங்குது?"

"டோக்கன் இருக்கு, ஃபிட்டரண்ணனைக் காணோமே. சாப்பாடு பாதியில கிடக்கு; அப்படி வச்சுட்டு எழுந்து போற ஆளா அவரு?"

மேலாளர் முணுமுணுத்தபடியே வெடிப்புச் சாவியை உருவினார். சல்லடை ஓடிப்போய் கான்கிரீட் அறையின் பின்வாசலைத் திறந்தாள். ஃபிட்டர் முழங்காலிட்டு ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். காதில் அடைப்பான். அவள் அதைக் கழற்றினாள்.

"இதோ முடிஞ்சிருச்சும்மா, ஒரு திருகுதான்..."

"எந்திரிங்கண்ணே. வெளிய வாங்க."

வெளியே நின்றவர்களின் முகங்களைப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

அரை மணி கழித்து வெடிக்கவைத்தார்கள். கதவு திறக்கவில்லை. ஆனால் கீலின் போல்ட் ஒன்று தலை தெறித்து அறையின் பின்சுவரில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஃபிட்டர் முழங்காலிட்டிருந்த இடத்துக்கு நேர் பின்னால், அவர் நெஞ்சு இருந்த உயரத்தில். மேலாளர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சல்லடையைப் பார்த்தார். "நான் முணுமுணுத்தத மறந்துடும்மா," என்றார்.

ஃபிட்டர் சல்லடையிடம் வந்தார். அவள் கையைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி சல்லடைக்கு போன் செய்தாள்.

"ஃபேன நிறுத்தாமப் போயிட்டேன்னு இவ்வளவு நேரமா என்னைத் திட்டிட்டிருக்காரும்மா. அந்தத் திட்டு காதுக்கு இவ்வளவு இனிக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீ நல்லா இருக்கணும்."

"திட்டட்டும் அண்ணி," என்றாள் சல்லடை.

மூன்று வாரத்தில் ஃபிட்டர் கீல்களைப் புதிதாகச் செய்தார். மறுபடி சோதித்தபோது ஒரு போல்ட்கூட அசையவில்லை. அந்தக் கதவு இப்போது மருத்துவமனையில் இருக்கிறது. ஆபத்துக்கென்று அதைச் சாத்தவேண்டிய நாள் இன்னும் வரவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் ஃபிட்டர் நன்றி சொல்லிக்கொள்கிறார்.